உதைக்குப் பயந்தவன்

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். நல்லம்பள்ளியில் கடை. சுற்று வட்டாரத்தில் யார் தோட்டத்தில் போர் மோட்டார் எரிந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மூன்று பேஸ் கரண்ட் ஓடுகிற ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து நான் கையை உள்ளே விட்டால், தோட்டக்காரர் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டு "பாத்துங்க, பாத்துங்க" என்பார். அந்த 'பாத்துங்க'வைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். தைரியசாலி என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

அப்படிப்பட்ட நான் எங்கள் வீட்டு மாட்டுக்குப் பயந்தேன். ஐம்பத்து மூன்று வயதுவரை பயந்தேன். மாடு மேய்ந்துவிட்டு வாசலில் நுழைந்தால் எனக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும், வீட்டுக்குள் போய்விடுவேன். இது ஊரில் யாருக்கும் தெரியாது. என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு மாலை போடலாம்.

பயத்துக்குக் காரணம் என் முன்பல்லில் ஒன்று. கல்யாணமான முதல் வருசம், மாமியார் வீட்டில், புது மாப்பிள்ளை முறுக்கில், "நான் கறக்கறன் பாருங்க" என்று செம்பை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அதற்கு முன் நான் ஒரு சொட்டுப் பால் கறந்தவன் இல்லை. கைதான் கரண்ட் வேலை செய்கிற கையாயிற்றே, காம்பைப் பிடித்து இழுக்க என்ன பெரிய படிப்பு என்று நினைத்தேன். மாடு ஒரே ஒரு உதைதான் விட்டது. செம்பு என் வாயில் வந்து இடித்தது, பல் செம்புக்குள் விழுந்தது. கடையில் கேட்டவர்களிடம் வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். இப்போது அந்த இடத்தில் கட்டின பல் இருக்கிறது, பார்த்தால் தெரியாது.

அதற்கப்புறம் பால் கறப்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அதெல்லாம் பொம்பளைங்க வேல" என்று சொல்லிவிடுவேன். அது சுத்தப் பொய். எங்கள் தெருவிலேயே நாலு ஆம்பிளைகள் காலையும் மாலையும் கறக்கிறார்கள். ஆனால் தைரியசாலி சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

இந்த இருபத்தாறு வருசமாக எங்கள் வீட்டில் ஒரு கறவை மாடு இல்லாத நாள் கிடையாது. எல்லாம் மனைவியின் வளர்ப்பு. இப்போது இருப்பது எங்கள் கொட்டகையிலேயே பிறந்தது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை, ஜெர்சி கலப்பு. என் மனைவியைத் தவிர வேறு யாரையும் மடியில் கைவைக்க விடாது. அவள் கூப்பிட்டால் தலையை ஆட்டிக்கொண்டு வரும். நான் பக்கத்தில் போனால் ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், பேங்கில் மேனேஜர் பார்ப்பது மாதிரி இருக்கும்.

போன வருசம் எங்கள் மகள் உண்டாகியிருந்தாள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். அவருக்கு அம்மா கிடையாது. தலைப்பிரசவத்துக்கு மகளை இங்கே கூட்டிவந்துவிடலாம் என்றுதான் எல்லாம் பேசி வைத்திருந்தோம். எட்டாம் மாதக் கடைசியில் டாக்டர், பஸ்ஸோ காரோ எதிலும் ஏறக்கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மகள் வர முடியாது என்றால் அம்மாதானே போக வேண்டும்.

மனைவி கிளம்புவதற்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்து அக்காவை ஒரு வாரம் காலையும் மாலையும் கூப்பிட்டுவந்து மாட்டுக்குப் பழக்கினாள். முதல் நாள் அக்கா பக்கத்தில் சும்மா நின்றாள், மறுநாள் தடவிக் கொடுத்தாள், அப்புறம் ஒரு காம்பு, அப்புறம் இரண்டு. நான் அந்த ஒரு வாரமும் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். கிளம்புகிற அன்று மனைவி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். மாட்டுக்கு என்னென்ன தீவனம், எத்தனை மணிக்குத் தண்ணீர், கன்றை எப்போது அவிழ்ப்பது என்று பதினோரு வரி. எனக்கு ஒரு வரி. இட்லி மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

மூன்று நாள் ஒரு குறையும் இல்லாமல் போனது. அக்கா வந்தாள், கறந்தாள், போனாள். நான் கேனை எடுத்துக்கொண்டு போய் பால் சொசைட்டியில் ஊற்றினேன். நாலாம் நாள் புதன்கிழமை சாயங்காலம் அக்காவுக்குப் பதில் அவள் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"அண்ணா, அதுக்கு காய்ச்சலு. கையி காலெல்லாம் மொட்டி மொட்டியா வீங்கிக் கெடக்குது. வெரல மடக்க முடியல, அழுவுது. தருமபுரி ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கிட்டுப் போறன். மாட்டுக்கு வேற ஆரையாச்சும் பாத்துக்குங்க."

அந்தச் சமயத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் காய்ச்சல். யாரைக் குறை சொல்வது? நான் அன்று சாயங்காலம் மாட்டைக் கறக்காமல் கன்றை அவிழ்த்துவிட்டேன். அது குடித்தது, குடித்தது, வயிறு புடைக்கக் குடித்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் கன்று கழிந்துகொண்டு கால் தள்ளாடி நிற்கிறது. தாயின் மடியோ முன்பாகம் தொங்க, பின்பாகம் கல்லாக இறுகி, நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. மாடு பின்னங்காலை அகட்டி வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டது. மாட்டு பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் வலிக்கிறது என்று சொன்னது எனக்குப் புரிந்தது.

வாளியையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் இருந்த இடத்தில், மாட்டுக்கு இரண்டு முழம் தள்ளி முக்காலியைப் போட்டேன். உட்கார்ந்து, முதுகைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டினேன். விரல் பட்டதோ இல்லையோ, கால் வந்தது. வாளி பறந்துபோய்ச் சுவரில் மோதி நசுங்கியது. நான் எப்போது எழுந்தேன், எப்போது வாசலுக்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. என் வலது கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

சரி, காலைக் கட்டிவிடுவோம் என்று கயிறு எடுத்தேன். கட்ட வேண்டுமென்றால் காலுக்குப் பக்கத்தில் போக வேண்டுமே. கடையில் பைப்புக்குள் வயர் இழுக்கிற நீள ஸ்பிரிங் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் நுனியில் கயிற்றை மாட்டி, தூணுக்கு மறைவில் நின்றுகொண்டு, மாட்டின் காலைச் சுற்றிக் கயிற்றை ஓட்டப் பார்த்தேன். மாடு திரும்பிப் பார்த்துவிட்டு, காலைத் தூக்கி கயிற்றைத் தாண்டி வைத்தது. மறுபடி ஓட்டினேன். மறுபடி தாண்டியது. இப்படியே அரை மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் விளையாடிக்கொண்டிருந்தோம்.

பால் வரவில்லையே என்று சொசைட்டியில் பால் அளக்கிற தம்பி வண்டியில் வந்தான். நாற்பது வயது, ஊரிலேயே பெரிய கறவைக்காரன். விசயத்தைக் கேட்டுவிட்டு, "இவ்ளோதானாண்ணா, தள்ளுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டினான். அதே முக்காலியில், அதே இடத்தில் நெருங்கி உட்கார்ந்தான். எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. அடுத்த நிமிசம் தொடையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே நொண்டி ஆடினான். பொறாமை போய்விட்டது.

"இது ஆவாதுண்ணா. ஊசி போட்டாத்தான் சொரக்கும். நான் ஆள் அனுப்பட்டுமா?"

"ஊசி மட்டும் வேணாம் தம்பி. அவ கொன்னுருவா."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அக்கா நைட்டியப் போட்டுக்கிட்டுக் குந்துங்க. வாசம் புடிச்சி நிக்கும். நெறையாப் பேரு அப்புடித்தான் பண்றாங்க."

அவனைத் திட்டி அனுப்பினேன். பத்து மணிக்கு மனைவி போன் செய்தாள். எல்லாம் நன்றாகப் போகிறது என்றேன். காலையில் எத்தனை லிட்டர் என்று கேட்டாள். நான் ஒரு கணக்குச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றுவிடாமல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"அப்ப நான் வந்துர்றன். மாப்பிள்ள ஷிப்டு முடிஞ்சி வந்துட்டா, அஞ்சரைக்கு ஒரு பஸ்ஸு இருக்குது."

"நாளைக்குப் புள்ளைய ஆஸ்பத்திரில சேக்கச் சொல்லியிருக்காங்களே."

"என்னாங்க பண்றது? மடி போச்சுன்னா மாடு போச்சு. வாயில்லா ஜீவன் வலியில நிக்கும். இங்க மாப்பிள்ள இருக்காரு, நர்ஸு இருக்காங்க. நான் பீச்சி வுட்டுட்டு, அந்த அக்காளுக்குச் சரியானதும் திரும்பிக்கிறன்."

அந்தக் காய்ச்சல் சரியாக ஒரு மாதம் ஆகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்போது பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. "பரவால்லம்மா. நீ போயிட்டு வா. நான் பாத்துக்கறன்." அவள் சின்ன வயசில் ஊசி போட அழைத்துப்போனால், அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இப்படித்தான் 'பரவால்ல' என்பாள். படுத்த படுக்கையாக இருக்கிற பிள்ளை, முதல் பிரசவம், அவளிடமிருந்து அம்மாவைப் பிடுங்கிக்கொண்டு வரப் போகிறேன். எதற்காக? இருபத்தாறு வருசத்துக்கு முன்னால் வாங்கிய ஓர் உதைக்காக.

"பஸ் ஏறாத. அஞ்சரை வரைக்கும் பொறு" என்றேன்.

"ஆரு பீச்சுவாங்க?"

"நான்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். மெதுவாகச் சொன்னாள்: "பயப்படாதீங்க. நான் எப்பவும் குந்துற மாதிரி குந்துங்க. மடிக்கு வெதுவெதுன்னு தண்ணி அடிச்சி, காம்புக்கு வெளக்கெண்ணெ தடவி, நான் எப்பவும் பண்ற மாதிரி பண்ணுங்க. பாத்துருக்கறீங்க இல்ல?"

"பாத்துருக்கறன்" என்றேன்.

போனை வைத்துவிட்டு யோசித்தால், நான் எதைப் பார்த்தேன்? அவள் வாளியோடு கொட்டகைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். நுரை தளும்பத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் நடந்தது ஒன்றும் எனக்குத் தெரியாது. பயத்தில் அந்தப் பக்கமே திரும்பியதில்லை.

மூன்று மணிக்கு நைட்டியைப் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது? துவைக்காமல் கொடியில் கிடந்த பழைய நீலப் பூப்போட்ட நைட்டி, அவள் மாட்டு வேலைக்கென்றே வைத்திருப்பது. தோளில் ஒரு துண்டு. வீட்டுக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டுதான் மாட்டினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை, அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு பின்வாசல் வழியாகக் கொட்டகைக்கு ஓடினேன்.

மாடு என்னை முகர்ந்தது. நைட்டியை ஒருமுறை நக்கிக்கூடப் பார்த்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. வாசல் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, "வாடி, நில்லுடி" என்று அவளைப் போலவே குரலை மெலிய வைத்துக்கொண்டு கை நீட்டினேன். மாடு நகர்ந்தது. நானும் முக்காலியோடு நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. நான் முக்காலியை இழுக்கக் குனிந்த நேரத்தில் காலை வீசியது. உதை என்மேல் படவில்லை. அதற்குள் நானே நைட்டி தடுக்கிச் சாணத்தில் மல்லாந்து விழுந்துவிட்டேன்.

எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மணி நாலு ஆகப் போகிறது. அங்கே அவள் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருப்பாள், மகள் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

தரையில் உட்கார்ந்திருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. மாட்டுக்கு அந்தப் பக்கம், உள்பக்கத்துத் தூணில், ஓர் ஆள் உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில், கறுப்பாகப் பளபளவென்று ஒரு திட்டு. மாட்டின் வயிற்றுக்கடியில் குனிந்து பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு. காம்புக்கு எண்ணெய் தடவிய விரலைத் துடைத்துத் துடைத்து, வருசக்கணக்கில் ஏறிப்போன கறை. திரும்பி வாசல் பக்கத்துத் தூணைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை, மரம் வெள்ளையாக இருந்தது. கரிந்த தடத்தைப் பார்த்தே மோட்டாரில் எந்த காயில் எப்படி எரிந்தது என்று சொல்கிறவன் நான். அந்தத் திட்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவள் வாசல் பக்கம் உட்காருவதே இல்லை. மாட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்காருகிறாள். ஏனென்றால் அவளுக்கு இடக்கைப் பழக்கம். அரிவாள்மணையில் காய் நறுக்குவதும் இடக்கை, கோலம் போடுவதும் இடக்கை. கறப்பதும் இடக்கையாகத்தானே இருக்கும்? மற்றவர்கள் உட்காருகிற பக்கம் அவளுக்குத் தோதுப்படாது. பிறந்ததிலிருந்து அந்த ஒரு பக்கத்தில் மட்டுமே கை பட்டுப் பழகிய மாடு. பக்கத்துத் தோட்டத்து அக்காவையும் அந்தப் பக்கம் உட்காரவைத்துத்தான் பழக்கியிருப்பாள். நானும் சொசைட்டித் தம்பியும் அதற்குத் தெரியாத பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாடு முரடு என்றும் வாசம் பிடிக்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நைட்டி வேறு.

வெட்கமாக இருந்தது. நைட்டிக்காக இல்லை. தினம் இரண்டு வேளை, இருபத்தாறு வருசம், என் வீட்டுக்காரி எந்தப் பக்கம் உட்காருகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. 'எப்பவும் குந்துற மாதிரி' என்று அவள் சொன்னபோது, அது எப்படி என்று கேட்கவும் வாய் வரவில்லை.

பக்கம் தெரிந்துவிட்டது சரி, பயம் போக வேண்டுமே. அது எங்கும் போகவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்து எடுத்துவந்தேன். கன்றைத் தாய்க்கு முன்னால் கட்டினேன். மாட்டின் தலைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்பக்கம் போனேன். அங்கே இடம் குறுகல், பின்னால் சுவர். உதை விழுந்தால் ஓட வழியில்லை. கட்டின பல்லை நாக்கு தொட்டுத் தொட்டுப் பார்த்தது. முக்காலியை வைத்தேன். இடம் இல்லாததால் மாட்டை ஒட்டித்தான் வைக்க முடிந்தது. உட்கார்ந்ததும் மாட்டின் பின்னங்கால் என் முழங்காலில் இடித்தது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே என்னால் உட்கார்ந்திருக்க முடியாது என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை மாட்டின் வயிற்றில் வைத்துக்கொண்டேன்.

வயிறு சூடாக இருந்தது. உள்ளே ஏதோ புரளுகிற சத்தம் கேட்டது. மாடு தலையைத் திருப்பிப் பார்த்ததை அதன் தோல் இழுபட்டதில் தெரிந்துகொண்டேன். மடிக்குத் தண்ணீர் அடித்தேன். துணி ஒற்றியதும் அதன் தொடைக்கு மேலே ஒரு சதை இறுகியது, என் நெற்றிக்கு அது தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டேன். கால் அசைந்தது, ஆனால் உதை வரவில்லை. பக்கத்திலேயே இருந்ததால் வெறும் தள்ளலாக முடிந்தது. எட்டி உட்கார்ந்தால்தான் காலுக்கு வீச்சு கிடைக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சதை இறுகினால் கையை எடு, தளர்ந்தால் வை. இவ்வளவுதான். இப்படியே நாலைந்து முறை நடந்தது. அப்புறம் மாடு பெருமூச்சு விட்டு, தலையைத் திருப்பிக் கன்றை நக்க ஆரம்பித்தது.

எண்ணெய் தடவி முதல் காம்பைப் பிடித்தேன். ஒன்றும் வரவில்லை. நான் இழுத்தேனே தவிர அழுத்தவில்லை. மேலே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக இறுக்கிக்கொண்டு, மற்ற விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக மடக்கிப் பார்த்தேன். சுர்ரென்று ஒரு கோடு பால் வந்து என் கால் விரலில் அடித்தது. மாடு நின்றுகொண்டிருந்தது. அடுத்த கோடு நைட்டியில். அதற்கடுத்தது வாளியில் விழுந்தது. வாளியின் அடியில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், நான் எத்தனையோ மோட்டாரை ஓடவைத்துக் காட்டியிருக்கிறேன், எதற்கும் இப்படிச் சந்தோசப்பட்டதில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மாடு காதை மட்டும் ஆட்டியது.

அவளுக்குக் கால் மணி நேரத்து வேலை. எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. நடுவில் ஒரு தடவை வாளியில் காலை வைக்கப் பார்த்தது, இறுகிய சதையைக் கவனித்து வாளியை இழுத்துக்கொண்டேன். மடி தளர்ந்து மெத்தென்று ஆனபோதுதான் கையை எடுத்தேன். எண்ணெய் விரலை அந்தத் தூணிலேயே துடைத்தேன்.

ஐந்தேகாலுக்குப் போன் போட்டேன். அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏற வாசலில் நின்றிருந்தாள்.

"ஏறாத. பீச்சிட்டன்."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா."

"வீடியோவுல வாங்க."

வீடியோவில் வந்தேன். வாளியைக் காட்டினேன், மடியைக் காட்டினேன். அவள் போனை அப்படித் திருப்பு, இப்படித் திருப்பு என்று மடியை நன்றாகப் பார்த்தாள். அப்புறம் போனை என் பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். நான் என்ன உடையில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள், மூச்சு வாங்குகிறாள், மறுபடி சிரிக்கிறாள். உள்ளே ஓடிப்போய் மகளுக்குக் காட்டினாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போனத் திருப்பு, எனக்கு இப்பவே வலி வந்துரும்" என்று கத்துகிறாள். இந்த நேரம் பார்த்துப் பால் வாங்க வந்த சொசைட்டித் தம்பி கொட்டகை வாசலில் நிற்கிறான். அவனை நான் மறக்க மாட்டேன். மறுநாளிலிருந்து மோட்டார் கொண்டுவருகிற ஒவ்வொருத்தரும், "என்னாண்ணா, இன்னிக்கு நைட்டி இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மோட்டாரை இறக்கினார்கள். போகட்டும். நானும் சேர்ந்து சிரித்தேன். தைரியசாலி என்ற பேரைவிட இந்தப் பேர் எடை குறைவாக இருந்தது.

நான் எதற்காக உட்கார்ந்தேனோ அது நடந்தது. அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நான் கறந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. பாதி மடி பாக்கி. சாதாரண சட்டை, லுங்கியில்தான் இருந்தேன், மாடு ஒன்றும் சொல்லவில்லை. கையெல்லாம் எண்ணெய். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன். முதலில் ஒரு குழந்தை வீறிடுகிற சத்தம்தான் கேட்டது.

"பேத்திங்க" என்றாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நான் வெளியதான் நின்னன். எங்கிட்டதான் மொதல்ல குடுத்தாங்க."

மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு ம் என்றேன். அவள் சட்டென்று வேறு எதையோ சொன்னாள்.

"நம்ம புள்ள பொறந்தப்ப எங்கம்மா பக்கத்துல இல்லீங்க. காலைலேருந்து கூடவே இருந்துச்சு. சாங்காலம், மாடு கத்தும், பீச்சிட்டு ஓடியாந்துர்றன்னு போயிருச்சு. நீங்க கடைல இருந்தீங்க. நான் பெட்டுல கெடந்து கதவையே பாத்துக்கிட்டு இருந்தன். அதுக்குள்ள பொறந்துருச்சு."

இருபத்தைந்து வருசமாக இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"இன்னிக்கு அவ கதவப் பாத்தப்ப நான் நின்னங்க" என்றாள்.

குழந்தை மறுபடி வீறிட்டது. போய்ப் பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள். நான் கண்ணைத் துடைக்கப் போய், கையிலிருந்த விளக்கெண்ணெய் கண்ணில் பட்டு எரிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு காம்பு பாக்கியிருந்ததைக் கறந்து முடித்தேன்.